வெளி வீதியில் ஒரு தனி

இன்று மாலை யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயிலின் வெளி வீதியில் தவில்காரர் தனி (தவில் மட்டும் ஒலிக்கும் பகுதி) வாசிக்கத் தொடங்கியதும், நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தோளில் சாய்த்து, ஊதுமுனையான சீவாளி ஒன்றை நாவில் நனைத்தபடியே கையால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்.

தோழன் வாசிக்கையில் அப்படி நிற்பதும் வாசிப்புத்தான்.

1956 யூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவினர் பின்னால் தாளத்தைத் தாங்கிப் பிடிக்க, போல் கொன்சால்வெஸ் சாக்சபோனில் 27 சுற்றுகள் தொடர்ந்து வாசித்து, கதிரைகளில் அமர்ந்திருந்த ரசிகர்களை எழுந்து ஆட வைத்தார்.

திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர்கள் இல்லை. அடுத்த சுற்றுக்குப் போகலாமா என்பதைக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே கலைஞர் தீர்மானிக்கிறார். தவில் மேதை அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தனியைக் கோயில் வீதிகளில் விடிய விடியக் கேட்ட எங்கள் பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

என் கோபமெல்லாம், தனி நடக்கும் நேரம் பார்த்து ஒலிபெருக்கியை அலறவிடுபவர்கள் மீதுதான்.