மேகாத்துக்கு ஒரு கணக்கு, கீகாத்துக்கு ஒரு கணக்கு

கோல்ஃப் மைதானத்தில் மேற்கு பார்த்த ஒரு ஹோல். கார்டில் 380 யார்டு, பார் 4 (நாலு அடியில் முடிக்க வேண்டியது) என்று போட்டிருக்கிறது. ஆடி மாதத்தில் அது 380 யார்டு இல்லை, மார்கழியிலும் இல்லை. கொங்குநாட்டில் கோல்ஃப் ஆடுகிறவர் டீயில் (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடத்தில்) ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. தூரப் பலகை அப்புறம்தான். கோவை அருகே செட்டிபாளையம் மைதானத்தில் 18 ஹோல் ஆடுகிறவர்களில் பலர் வருடம் முழுக்க ஒரே கிளப்பை (அடிக்கும் கோலை) ஒரே தூரத்துக்கு எடுக்கிறார்கள். கோல்ஃபில் ஸ்கோர் குறைந்தால்தான் நல்லது; அது ஏறுவதற்கு ஸ்விங்கைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தப்பு ஸ்விங்கில் இல்லை, கணக்கில்தான்.

மேற்கு மலைத் தொடர் நெடுகச் சுவர்போல நிற்க, பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நுழைந்து கோவைப் பக்கம் பாய்கிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதே மேகாத்துதான் (மேற்குக் காற்று). வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி தாண்டும் வரை வீசும். விடியற்காலையில் கொஞ்சம் அடங்கி இருக்கும். பொழுது ஏற ஏற வேகம் பிடிக்கும். அதனால் காலை ஆறரைக்குத் தொடங்குகிறவருக்கு முதல் ஒன்பது ஹோலில் ஒரு காற்று, பின் ஒன்பதில் வேறொரு காற்று. ஐப்பசிக்குப் பிறகு காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து கீகாத்தாக வரும், வேகமும் குறைவு.

காற்றைப் பார்ப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். புல்லைக் கிள்ளித் தூவினால் உங்கள் தோள் உயரத்துக் காற்றுதான் தெரியும். பந்து பறப்பது 20, 30 மீட்டர் உயரத்தில். டீக்குப் பக்கத்தில் வேம்போ புளியோ அடர்ந்து நின்றால் கீழே காற்றே இல்லாததுபோல இருக்கும்; பந்து மரத்துக்கு மேலே ஏறியதும் காற்று தள்ளிவிடும். தென்னை இருந்தால் அதன் உச்சி மட்டையைப் பாருங்கள். மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்டதுபோல நின்றால் அது பலத்த காற்று. அடுத்து கிரீனில் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையில்) உள்ள கொடி. இரண்டும் வெவ்வேறு திசை காட்டினால் தென்னையை நம்புங்கள். கொடி தாழ்வான இடத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கலாம்.

கணக்கு எளிது. எதிர்க்காற்றில், காற்றின் வேகம் மணிக்கு எத்தனை மைலோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் தூரத்தைக் கூட்டுங்கள். பின்காற்றில் அதில் பாதியைக் கழியுங்கள். மணிக்கு 16 கி.மீ. என்பது 10 மைல். ஆகவே 150 யார்டு ஷாட் எதிர்க்காற்றில் 165 ஆகிறது. பின்காற்றில் 142, 143 ஆகிறது. 32 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 180. எதிர்க்காற்று பிடுங்கும் அளவுக்குப் பின்காற்று திருப்பித் தராது. போக வர சமமாகிவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. "மேகாத்துங்க, ஒண்ணு சேத்தி எடுங்க" என்று கிளப் பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன் சொன்னால், அதாவது இன்னும் தூரம் போகும் அடுத்த கிளப்பை எடுக்கச் சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் ஒன்று போதாது, இரண்டு சேர்த்தி எடுக்க வேண்டும்.

எதிர்க்காற்றில் வேகமாக அடிப்பது ஏன் பலிக்காது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். அயர்னில் (இரும்புத் தலைக் கிளப்; எண் குறையக் குறைய தூரம் கூடும்) பட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. நல்ல 7 அயர்ன் ஷாட்டில் நிமிடத்துக்கு ஆறேழாயிரம் சுற்று இருக்கும். அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது. ஓங்கி அடித்தால் சுழற்சி கூடும். எதிர்க்காற்று அதோடு சேர்ந்துகொண்டால் பந்து பட்டம்போல மேலே ஏறி, நின்று, செங்குத்தாக விழும். முப்பது யார்டு அங்கேயே போய்விடும். அதனால் பெரிய கிளப், சின்ன ஸ்விங். 150 யார்டுக்கு வழக்கமாக 7 அயர்ன் என்றால் 5 அயர்னை எடுத்து, பிடியில் இரண்டு விரற்கடை கீழே இறங்குங்கள். பந்தை வழக்கத்தைவிட ஒரு பந்து அளவு பின்கால் பக்கம் வையுங்கள். அடிக்கும் நொடியில் கைகள் பந்துக்கு முன்னால் இருக்கட்டும். முக்கால் ஸ்விங் போதும். முடிக்கும்போது கைகள் மார்புக்கு மேலே போக வேண்டாம். பந்தைப் பின்னால் வைத்ததும் பலர் கோடரியால் வெட்டுவதுபோல செங்குத்தாக இறக்குகிறார்கள். அப்போது சுழற்சி மறுபடி கூடி, பந்து தாழ்வாகக் கிளம்பிப் பாதியில் மேலே ஏறிவிடும்.

இனி அந்த 380 யார்டு ஹோல். சாதாரண நாளில் டிரைவர் என்ற மிக நீளக் கிளப்பில் 210 யார்டு அடிக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் மணிக்கு 32 கி.மீ. எதிர்க்காற்றில் 175 போனாலே நல்லது. மீதி 205, காற்றுக் கணக்கில் 245. அது யாராலும் எட்டும் தூரமில்லை. இங்கே 3 வுட் என்ற நீளக் கிளப்பை எடுத்து ஓங்கி அடித்து, வலது ரஃப்பிலோ (ஓரத்து உயரப் புல்லிலோ) வேலிக்கு அப்பாலோ பந்தைத் தேடுவது வீண். இதை மூன்று ஷாட் ஹோலாகவே ஆடுங்கள். இரண்டாவது ஷாட் தாழ்வான 5 அயர்ன், 130 யார்டு. மூன்றாவதாக 75 யார்டு மிஞ்சும். அதைச் சாண்ட் வெட்ஜால் உயரத் தூக்காமல், 9 அயர்னைப் பாதி ஸ்விங்கில் தாழ்வாக அடித்து கிரீனுக்குமுன் விழவைத்து உருட்டுங்கள். போகி (பாரைவிட ஒரு அடி கூடுதல்) வந்தால் அன்றைக்கு அது நல்ல ஸ்கோர். ஒரே பட்டில் (கிரீனில் உருட்டும் அடி) விழுந்தால் பார். இதே ஹோல் மார்கழியில் லேசான பின்காற்றில் டிரைவர் 225, பிறகு 155க்கு ஒரு 7 அயர்ன். அப்போது தூரம் பிரச்சினை இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். பின்காற்று பந்தைத் தட்டையாக இறக்குவதால் கிரீனில் விழுந்தது ஓடிவிடும். கொடியைப் பார்த்து அடிக்காமல் முன்விளிம்புக்குப் பத்து யார்டு முன்னால் இறக்குங்கள். மார்கழிக் காலையில் பனி காயாத கிரீன் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே பந்து விழுந்த இடத்துக்குக் கிட்டவே நிற்கும், பட் அடியையும் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும்.

பக்கக் காற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று வரும் பக்கம் குறி வைத்து, பந்தை அது கொண்டுவர விடுங்கள். காற்றை எதிர்த்து வளைத்து அடிப்பதெல்லாம் ஒற்றை இலக்க ஹேண்டிகேப் உள்ள கைதேர்ந்தவர்கள் வேலை.

உதகைக்குப் போய் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உதகை 2,200 மீட்டருக்கு மேலே. கோவை 400 மீட்டரைச் சுற்றி. மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து ஏழெட்டு சதவீதம் கூடுதலாகப் பறக்கும். அங்கே 8 அயர்னில் போன தூரத்துக்கு இங்கே 7 அயர்னாவது வேண்டும்.

அடுத்தது தரை. நம் பக்கத்து மைதானங்களில் பெர்முடா என்று சொல்லும் புல் வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல் இனம்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு கொடி ஓடிப் படரும். ஒரு பக்கமாகச் சாயும். சாய்வுக்கு எதிராகச் சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி) அடித்தால் வெட்ஜின் முன்விளிம்பு கொடியில் சிக்கி நின்றுவிடும். பந்து இரண்டடி நகரும். சித்திரை வெயிலில் செம்மண் இறுகி, புல் மெலிந்து கிடக்கும்போது நேர் எதிரான தொல்லை. 60 டிகிரி வெட்ஜின் அடிப்புடைப்பு தரையில் மோதித் துள்ளி, விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கிரீனுக்கு வெளியே பத்தடிக்குள் இருந்தால் உருட்டும் கிளப்பான பட்டர். அதற்கு மேல் என்றால் 8 அயர்னைப் பட்டர்போலப் பிடித்து, கையை மடக்காமல் தட்டி உருட்டுவது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க, பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பாருங்கள். புல் மினுங்கினால் சாய்வோடு போகிறீர்கள், பந்து விரையும். கறுத்துத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கூட்டி அடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருக்கும். புல் பிசிறடித்த பக்கம் நோக்கிச் சாய்கிறது. பெரும்பாலும் அது சரிவு இறங்கும் பக்கமாகவோ பொழுது விழும் பக்கமாகவோ இருக்கும். குழியின் விட்டம் 108 மி.மீ., பந்து குறைந்தது 42.67 மி.மீ. எதிர்ச்சாய்வில் பயந்து தள்ளிய பட் கடைசி அடியில் திரும்பிவிடுவதால் அந்த இடைவெளி முழுவதும் வீணாகிறது.

மேகாத்துக் காலத்தில் பட் போடும்போது ஒரு விதி நினைவில் இருக்கட்டும். கிரீனில் பந்து நின்றதும் இடத்துக்கு அடையாளம் வைத்து எடுத்து, திரும்ப வைத்துவிடுங்கள். அப்படிச் செய்த பிறகு காற்றில் பந்து உருண்டால், அபராதமின்றிப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். எடுக்காமலே விட்டிருந்து காற்று உருட்டினால், போய் நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். குழிக்குக் கிட்டப் போனாலும் சரி, சரிவில் இறங்கினாலும் சரி. காலை அகட்டி வைத்து நில்லுங்கள், உடம்பு ஆடாது.

மற்ற விதிகளில் நம் ஊருக்கு அடிக்கடி தேவைப்படுபவை சில. நின்றிருந்த பந்தை மயிலோ நாயோ நகர்த்திவிட்டால் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வையுங்கள். வேப்பங்கொட்டை, தென்னை மட்டை, எறும்புப் புற்று மண் ஆகியவற்றை எடுத்துப் போடலாம். 2019 முதல் பங்கரிலும் (மணல் பள்ளத்திலும்) எடுக்கலாம். கிரீனுக்கு வெளியே அதை எடுக்கும்போது பந்து அசைந்தால் ஒரு ஷாட் அபராதம். பெருச்சாளி வளையில் பந்து விழுந்தால், பெனால்டி ஏரியா (குளம், ஓடை போன்றவை) அல்லாத இடத்தில் அபராதமின்றிப் பந்தை இடம் மாற்றலாம்: தொல்லை முழுதும் நீங்கும் கிட்டத்து இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும். கெட்டியான கரையான் புற்றுக்கு மைதானத்தின் உள்ளூர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். காற்றில் பந்து வேலிப் பக்கம் போனதாகத் தோன்றினால், நடக்கும் முன்பே "புரொவிஷனல் ஆடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித் தற்காலிகப் பந்தாக இன்னொன்று அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், அபராதத்தோடு.

கடைசியாக, அருகம்புல்லில் பெயர்த்தெடுத்த புல்கட்டியைத் திரும்ப ஒட்டவைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு அது காய்ந்துவிடும். அது பெயர்ந்த பள்ளத்தை மணலால் தரைமட்டத்துக்கு நிரப்பி மிதித்து விடுங்கள். சுற்றிலும் உள்ள கொடி ஓடி மூடிக்கொள்ளும். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தை முள்கரண்டியால் கீழிருந்து நெம்பித் தூக்காதீர்கள், வேர் அறுந்து ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும். விளிம்பில் குத்தி, நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளி, பட்டரால் தட்டிச் சமப்படுத்துங்கள்.