நாலு பேருக்குப் பாதிக் காசு

ஐஸ் ஹொக்கியைப் பற்றி எழுதத் திருகோணமலைக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கொட்டுவது. ஆனால் எனக்கு ஸ்காபரோவில் ஓர் அத்தான் இருக்கிறார். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் தோற்றால் அவருக்கு ஆறுதல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அக்கா அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டாள்.

1967க்குப் பிறகு கிண்ணம் தூக்காத அணி அது. 2021 ஜூன் 1, இங்கே அதிகாலை நாலரை மணி. பயணக் கட்டுப்பாட்டுக் காலம். வீதியில் நாய்கூட இல்லை. மொன்றியலுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த தொடர் ஏழாவது ஆட்டத்துக்கு இழுபட்டு, அதிலும் தோற்றார்கள். அத்தான் கோல்காப்பாளரைத் திட்டினார். நான் கணக்கைப் பார்த்தேன்.

ஓர் அணி தன் வீரர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பு அப்போது ஆண்டுக்கு 8 கோடியே 15 இலட்சம் டொலர். தவாரெஸ், மத்யூஸ், மார்னர், நைலாண்டர் ஆகிய நட்சத்திர வீரர் நால்வருக்கே 4 கோடிக்கு மேல். மற்ற எல்லோரையும் மிச்சத்தில் பிடிக்க வேண்டும். வரம்பு வருடாவருடம் உயரும் என்று நம்பிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கொரோனா அதை அப்படியே உறைய வைத்துவிட்டது. அந்தத் தொடரில் மத்யூஸ் அடித்தது ஒரே கோல். மார்னர் ஒன்றுமில்லை. தவாரெஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டுப் போய்விட்டார், பாவம்.

அப்பா கரைவலைச் சம்மாட்டி. ஒரு பருவத்தில் தோணி வலிக்கிற பேர்போன இரண்டு தண்டுக்காரருக்கு முற்பணத்தை அள்ளிக் கொடுத்தார். வலை பொத்துகிற கிழவர் கொஞ்சம் கூட்டிக் கேட்டபோது கொடுக்கக் காசில்லை. அவர் அடுத்த வாடிக்குப் போய்விட்டார். கீரி மீன் பட்ட நாளில் வலையின் மடியில் இருந்த ஓட்டை கையகலம்தான். கரையில் ஏற்றியபோது நூலில் ஒட்டிய செதில்தான் மினுங்கிக்கொண்டிருந்தது.

லீஃப்ஸில் அந்தக் கிழவரின் வேலையைச் செய்தவர் சாக் ஹைமன். மூலையில் முட்டிமோதி மற்றவர்களுக்குப் பக்கை, அதுதான் அவர்கள் அடிக்கிற ரப்பர் வட்டை, எடுத்துக் கொடுப்பார். அந்தக் கோடையிலேயே ஆண்டுக்கு 55 இலட்சம் டொலருக்கு எட்மன்டன் அணிக்குப் போனார். 2023-24 பருவத்தில் 54 கோல்! இதை அத்தானிடம் சொன்னேன். "மக்டேவிட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நீயும் அடிப்பாய், தம்பி" என்று எட்மன்டனின் பெரிய நட்சத்திரத்தைச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

2025 கோடையில் மார்னரும் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். அடுத்து வந்த பார்சலில் சொக்லேட்டுக்கு அடியில் அவருடைய 16ஆம் இலக்க நீலச் சட்டை. இனி அத்தான் அதை அங்கே போடமாட்டாராம். இந்த வெயிலுக்கு அந்தத் துணியை யார் போடுவது? மனைவி மோட்டார் சைக்கிளைப் போர்த்தி வைத்திருக்கிறாள்.