சென்னையில் ஒன்பதே காலுக்கு விடிகிறது

ஏழாம் அத்தியாயம் ஒருவழியாக நிமிர்ந்துவிட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை திரும்பிப் போகாமல் சென்னையில் படை இறக்குகிறது என்பதுதான் நாவல். ‘அத்தனை பேருக்குக் கப்பல் ஏது?’ என்பவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே பதில் இருக்கிறது. மறுபடியும் அந்தச் சண்டைக்கு நான் வரமாட்டேன்.

என்னை வாட்டி எடுத்தது கடிகாரம். மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் ஜப்பானியர்கள் அங்கே டோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். சென்னையை மட்டும் விட்டுவைப்பார்களா? மூன்றரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். வைகாசியில் ஐந்தே முக்காலுக்கு உதிக்கும் சூரியன் ஒன்பதே காலுக்குத்தான் வரும். உச்சி வெயில் மூன்றரைக்கு. திங்கட்கிழமை ராகுகாலம் பதினொன்றுக்குத் தொடங்கும். சுவரில் அட்டவணை ஒட்டிவைத்து, எழுதிய ஒவ்வொரு காட்சியையும் சலித்தெடுத்தேன்.

பலன் கிடைத்தது. என் நாயகன் தலையில் அடிபட்டு நினைவிழந்தவன். சட்டைப் பையில் இருந்த சீட்டு அவனை ஊர் தாண்டாத மயிலாப்பூர் குமாஸ்தா என்கிறது. எப்போது எழுந்திருப்பாய் என்று விசாரணை அதிகாரி பேச்சுவாக்கில் கேட்கிறான். ‘விடிந்ததும், எட்டு மணிக்கு.’ டோக்கியோ நேரப்படி எட்டு மணிக்கு விடிவது சிங்கப்பூரில்! மயிலாப்பூரில் அப்போது கும்மிருட்டு. பழைய நேரப்படி பார்த்தாலும் பொருந்தாது. மச்சம், தழும்பு என்று எதுவும் தேடாமல் ஆளைப் பிடித்துவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

அவனுடைய வீட்டுக்கார அம்மாளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாழிகைக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து ஓடுவது. டோக்கியோவால் அதை அசைக்க முடியாது. இதற்காகச் சித்திரபானு வருடப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்கினேன். சரியாக ஆனி மாதப் பக்கங்களைக் காணோம். கேட்டால், ‘அதனால்தான் விலை குறைவு’ என்கிறார் பழைய புத்தக வியாபாரி. குறைவாம்! பழைய பத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையா நூலகம்தான் கதி. ஆனால் அங்கே போனால் மனம் வேறெங்கோ ஓடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், விடிந்த பிறகும் துறைமுகத்தை விட்டு நகராமல் இருந்திருந்தால்? அதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாயிற்று.

முதலில் எட்டாம் அத்தியாயம். அதில் சம்பள நாள் வருகிறது. ஜப்பானியர்கள் மலாயாவுக்கு டாலர் நோட்டும் பர்மாவுக்கு ரூபாய் நோட்டும் அடித்தார்கள். சென்னையில் பர்மா நோட்டையே புழக்கத்தில் விடலாம் என்றிருக்கிறேன். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட நோட்டுகளைப் பானையில் பதுக்கிவைத்திருக்கும் மளிகைக்காரர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். அவரை எப்படி வாங்கவைப்பது என்பதில்தான் இப்போது கதை நிற்கிறது.