எல்இடி வானத்துக்கு எந்த ஃபில்டர்? ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 5, 2024, வெள்ளி
தொலைநோக்கியில் கேமரா மாட்டி வானத்தைப் படமெடுப்பவர்கள் பழைய கட்டுரைகளை நம்பி ஃபில்டர் வாங்கினால் காசுதான் வீண். சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரைச் சுற்றிக் குவிந்திருந்தது; அந்தத் துண்டை வெட்டினாலே வானம் கருத்துவிடும். இப்போது சிங்கப்பூர்த் தெருக்களில் எரிவது வெள்ளை எல்இடி: 450-ல் ஒரு கூர்முனை, பிறகு 500 முதல் 650 வரை அகன்ற மேடு. இதில் எதை வெட்டுவது? பொதுவான ‘ஒளிமாசு ஃபில்டர்’ இங்கே பேருக்குத்தான்.

ஒளிரும் நெபுலாக்களுக்கு (விண்வெளி வாயு மேகங்களுக்கு) மட்டும் வழியுண்டு. அவை பெரும்பாலும் சில கோடுகளில்தான் ஒளிர்கின்றன: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3, ஆக்சிஜன்-3 இரட்டைக் கோடுகள் 495.9, 500.7. இவற்றை மட்டும் விடுவது இரட்டைப்பட்டை ஃபில்டர்.

ஏப்ரல் 9, செவ்வாய்
ஆப்டோலாங் நிறுவனத்தின் இரட்டைப்பட்டை ஃபில்டர்களில் எல்-என்ஹான்ஸ் ஆக்சிஜன் பக்கம் 24 நானோமீட்டர் திறந்திருக்கும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு நடுவே அது மிக அகலம். எல்-எக்ஸ்ட்ரீம் இரு பக்கமும் 7. எல்-அல்டிமேட் 3. எஃப் 5 (குவியத் தூரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு) தொலைநோக்கிக்கு 7 போதும். எஃப் 2 கருவியில் ஒளி சாய்வாக விழுவதால் பட்டை நீலப்பக்கம் நகரும். சாதாரண 3 நானோமீட்டர் ஃபில்டர் வேண்டிய கோட்டையே மறைத்துவிடலாம். எஃப் 2 போன்ற வேகக் கருவிக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் முதலில் கேமராவைக் கவனிக்கட்டும். உள்ளே இருக்கும் சிவப்புத் தடுப்பு, ஆல்ஃபா ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஏப்ரல் 10, புதன்
மழை. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் ஃபில்டர் கண்ணாடி வியர்க்கும். பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் விடவும். பனி படியாமல் தடுக்கும் சூட்டுப் பட்டை முதல் நிமிடத்திலிருந்தே ஓடட்டும்.

ஏப்ரல் 13, சனி
கரீனா நெபுலா இரவு 10 மணிக்கு மேல் தெற்கில் உச்சம், ஆனாலும் 29 பாகை உயரம்தான். தெற்கே கட்டடம் மறைக்காத இடம் தேடவும்.

2 மில்லிமீட்டர் தடிமன் ஃபில்டர், குவியத்தை அதில் மூன்றில் ஒரு பங்கு பின்தள்ளும். திருத்தி லென்ஸுக்கும் கேமரா சென்சாருக்கும் இடையே உள்ள 55 மில்லிமீட்டர் இடைவெளி 55.7 ஆகவேண்டும், மெல்லிய வளையம் ஒன்று போடாவிட்டால் மூலை நட்சத்திரங்கள் இழுபடும். குவியத்தை ஃபில்டர் போட்ட பிறகே பிடிக்கவும். பாடினோவ் மாஸ்க்குக்கு (குவியம் பிடிக்க உதவும் கீற்று மூடி) பிரகாசமான நட்சத்திரம் தேவை, கனோபஸ் போதும்.

கேமராவின் ஒரு நிறப் பிக்சல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் ஒளியை வாங்குகிறது. அதை 7 ஆக்கினால் வான வெளிச்சம் 14-ல் ஒரு பங்கு. ஃபில்டர் இல்லாமல் 20 வினாடி எடுத்த இடத்தில் இப்போது 280. பழைய 20 வினாடியிலேயே நின்றால் கேமராவின் வாசிப்பு இரைச்சல்தான் (ஒவ்வொரு படத்தையும் படிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் கரகரப்பு) படத்தில் தெரியும்; ஃபில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிர்விக்கும் கேமரா என்றால் குளிர்விப்பை 0 பாகை செல்சியஸில் வையுங்கள். 28 பாகைக் காற்றில் மைனஸ் 10 கேட்டால் பல கேமராக்கள் திணறும்.

ஏப்ரல் 14, ஞாயிறு
ஃப்ளாட் படங்களும் (மூலை இருட்டு, தூசிக் கறை நீக்க எடுக்கும் சீரான வெளிச்சப் படங்கள்) அதே ஃபில்டரோடு, கேமராவைத் திருப்பாமல். நிறம் பிரிக்கும்போது சிவப்பு முழுக்க ஆல்ஃபா. பச்சை, நீலம் இரண்டின் சராசரி ஆக்சிஜன். ஆல்ஃபா நான்கில் ஒரு (சிவப்பு) பிக்சலில்தான் விழுகிறது, ஆக்சிஜன் மூன்றில் (இரு பச்சை, ஒரு நீலம்). அப்படியிருந்தும் ஆக்சிஜன் பக்கம்தான் கரகரப்பாக வரும்: கோடும் மங்கல், நிலா வெளிச்சமும் அங்கேதான் அதிகம் ஏறும்.

ஏப்ரல் 20, சனி
ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, சொம்ப்ரேரோ கேலக்ஸி போன்றவற்றுக்கு இந்த ஃபில்டர் வேண்டாம். நட்சத்திர ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. வானத்தோடு சேர்த்து அதையும் வெட்டிவிடுவீர்கள், நட்சத்திர நிறமும் போய்விடும். இன்றைய நிலாவில் சொம்ப்ரேரோவைத் தொடவே வேண்டாம். ஒமேகா நள்ளிரவு தாண்டி உச்சம். வெறும் யூவி-ஐஆர் (புறஊதா, அகச்சிவப்பு) தடுப்போடு 15 வினாடிப் படங்கள் 240, மொத்தம் ஒரு மணி நேரம்.