எஸ்ஆர்-22 போட்டு லைசென்ஸ திரும்ப வாங்கின கதை

மொதல்லயே சொல்லிடறேன், நான் குடிச்சிட்டு ஓட்டல. எஸ்ஆர்-22 (கார் இன்ஷூரன்ஸ் சம்பந்தமான ஒரு பேப்பர்)ன்னு வாயத் தொறந்தாலே இங்க கலிஃபோர்னியால நம்மாளுங்க ஒரு மாதிரி பாக்கறாங்க.

பேங்க்ல புது கார்டு அனுப்பினாங்க, இன்ஷூரன்ஸ் ஆட்டோபே பழைய கார்டுலயே கெடந்துச்சு, நான் தங்கச்சி கல்யாணத்துக்கு அஞ்சு வாரம் மதுரைல. திரும்பி வந்து மெயில்பாக்ஸ்ல இருந்த கத்தைய பிரிக்கக்கூட இல்ல, தூக்கக் கலக்கத்துல மளிகைக்கடை பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்து ஒருத்தர் பம்பர்ல சாத்திட்டேன். பாக்க சின்ன கீறல்தான், உள்ள சென்சார் போயிருச்சு, எஸ்டிமேட் 2,300 டாலர். சேதம் 1,000 டாலர தாண்டினா 10 நாளைக்குள்ள டிஎம்விக்கு, அதான் லைசென்ஸ் குடுக்கற ஆபீசுக்கு, எஸ்ஆர்-1ன்னு விபத்து ஃபார்ம் போடணும், பார்க்கிங் லாட்டா இருந்தாலும் சரி. அதுல பாலிசி நம்பர் எழுத உக்காந்தப்பதான் தெரியுது, பாலிசி கேன்சலாகி மூணு வாரம் ஆச்சுன்னு. கைல பேனாவோட அப்டியே உக்காந்திருந்தேன்.

இன்ஷூரன்ஸ் இல்லாம இடிச்சதுக்கு லைசென்ஸ் சஸ்பெண்ட்னு லெட்டர் வந்துச்சு, நாலு வருஷம் வரைக்கும் போகலாமாம். ஆபீஸ் போக வர மட்டும் ஓட்டற மாதிரி ஒரு லைசென்ஸ் தருவாங்க, அதுக்கு 250 டாலர் கட்டணும், எஸ்ஆர்-22 வேணும். லிவர்மோர் கோவிலுக்குப் போகணும்னா வீட்டம்மாதான் டிரைவர்.

எஸ்ஆர்-22ங்கறது தனி இன்ஷூரன்ஸ்னு நெனச்சு ரெண்டு நாள் வேஸ்ட் பண்ணேன். அது வெறும் சர்டிஃபிகேட்ங்க, இந்தாளுக்கு பாலிசி இருக்குன்னு கம்பெனியே டிஎம்விக்கு அனுப்பறது. அனுப்பற கூலி 25 டாலர்தான், வலிக்கறது ப்ரீமியம். பழைய கம்பெனி சேத்துக்கவே இல்ல. நான்-ஓனர் பாலிசி (சொந்தக் கார் இல்லாதவங்களுக்கானது) எடுத்தா சீப்னு ஒரு நண்பன் சொன்னான், புரோக்கர்கிட்ட கேட்டா ஒரே கேள்வி, "வீட்ல வேற கார் இருக்கா?" மனைவி கார் வாசல்லயே நிக்குது. கார் எட்டற தூரத்துல இருந்தா அந்த பாலிசி கெடையாதாம். கடைசில எங்க ரெண்டு பேரையும், ரெண்டு காரையும் ஒரே பாலிசில போட்டோம், ஆறு மாசத்துக்கு 640 கட்டிட்டு இருந்தது 1,780 ஆச்சு. அவ ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட வாங்கினதில்ல, பாவம். 2025 ஜனவரில இங்க குறைந்தபட்ச கவரேஜையே 15/30/5ல இருந்து 30/60/15க்கு (ஆயிரம் டாலர் கணக்குல, ஒருத்தர் காயம்/மொத்த காயம்/பொருள் சேதம்) ஏத்திட்டாங்க, அதுலயும் கொஞ்சம் கூடிப்போச்சு.

மூணு வருஷத்துக்கு இந்த எஸ்ஆர்-22 ஒரு நாள்கூட விடக்கூடாது. பாலிசி நின்னா கம்பெனி எஸ்ஆர்-26னு இன்னொன்னு டிஎம்விக்கு அனுப்பும், லைசென்ஸ் திரும்பவும் காலி. அதனால ஆட்டோபேயே வேணாம்னு ஆறு மாசத்துக்கும் மொத்தமா கட்டிடறேன். இன்னும் எட்டு மாசம் பாக்கி. ஃப்ரிட்ஜ்ல வீட்டம்மா கார்டு எக்ஸ்பைரி தேதிய எழுதி ஒட்டி வெச்சிருக்கா, நான் எழுதினா நம்ப மாட்டாளாம்.