கடைக் கணினியும் வலைத்தளமும்: ஒரு சிங்க் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. வாடிக்கையாளர் பட்டியல் பின்னறைக் கணினியில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது. வலைத்தளம் வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில், வெளியூர் சர்வரில். நடுவே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், இரு பட்டியலையும் ஒன்றாக வைக்கும் (சிங்க்) சிறு நிரல். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் வசதி) அதை எழுப்ப, கடையில் மாறியதைத் தளத்துக்குத் தள்ளும். தளத்தில் மாறியதைக் கடைக்குச் சொல்வது வெப்ஹூக்.

புகார் இவ்வளவுதான்: "சில நேரம் சரியா வருது, சில நேரம் வரல." ஸ்கிரிப்டைத் திறக்கவில்லை. இரு பக்கப் பட்டியலையும் இறக்கி, பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டதில் குவியல் மூன்று. தளத்தில் மாற்றிய முகவரி பழையதற்கே திரும்புவது. தளத்தில் பதிந்தவர் கடையில் இல்லாதது. ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பது. மூன்றுக்கும் ஒரே காரணம் தேடினால் வாரம் போய்விடும். தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

முகவரி திரும்பும் குவியல். எல்லாருக்கும் திரும்பவில்லை. காலையில் கடைக்கு வந்து பில் போட்டவர்கள், அதே நாளில் தளத்தில் முகவரி மாற்றினால் மட்டும் திரும்புகிறது. மதியத்துக்கு மேல் மீண்டும் மாற்றினால் நிற்கிறது. அந்த இடைவெளியை அளந்தால் ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதேதான்.

கடை டேட்டாபேஸ் இந்திய நேரத்தில் எழுதுகிறது. ஸ்கிரிப்ட் 'கடைசியாக ஓடிய நேரம்' என்று குறித்து வைப்பது யுடிசியில். இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவதால், கடைசி ஐந்தரை மணி நேரத்தில் தொட்ட பதிவுகள் எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் 'புதியவை'. தளத்தில் உள்ளது வேறாக இருந்தால் அதன்மேல் பழையதை எழுதிவிடும்.

திருத்தம்: ஒப்பிடும் முன் இரு நேரமும் யுடிசிக்கு மாறும். குறியீட்டு நேரத்தை (அந்தக் 'கடைசியாக ஓடிய நேரத்தை') ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் கடிகாரத்தில் எடுக்காமல் டேட்டாபேஸிடமே கேட்டு வாங்குகிறோம்.

ஜூன் 11, புதன்

இரண்டாம் குவியல். வூகாமர்ஸ் அமைப்புகளில் 'மேம்பட்டவை' பகுதிக்குள் வெப்ஹூக் பட்டியல். நமது வெப்ஹூக்கின் நிலை: முடக்கப்பட்டது. யாரும் முடக்கவில்லை. தொடர்ந்து 5 முறைக்கு மேல் சேராமல் போனால் வூகாமர்ஸ் தானே முடக்கிவிடும். திரும்பத் தானே எழுப்பாது.

ஏன் சேரவில்லை? மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை. கணினி யுபிஎஸ்ஸில் இருந்தது, இன்டர்நெட் ரவுட்டர் சாதா பிளக்கில். கணினி விழித்திருந்தும் வெளியுலகத்துக்கு அது இல்லை.

ரவுட்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றியாயிற்று. வெப்ஹூக்கை மறுபடி இயக்கினால் தவறிப்போனவை பின்னால் வந்து சேரும் என்று நினைக்கக் கூடாது, வராது. ஆகவே இரவு 2 மணிக்கு ஒரு முழு ஒப்பீடு: தளத்திலிருந்து பக்கத்துக்கு 100 பேராக இழுத்து, கடைப் பட்டியலோடு சரிபார்த்து, வேறுபட்டதை எழுதி, லாகில் (நடந்ததைக் குறிக்கும் கோப்பில்) பெயரிடும். இழுக்கும்போது வரிசை பதிவு எண்ணின் ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். பெயர் வரிசையில் இழுத்தால், நடுவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்ததும் பக்கங்கள் நகரும், ஒருவர் இருமுறை வருவார்.

ஜூன் 12, வியாழன்

இரட்டைப் பதிவு. தொலைபேசி எண்ணைச் சாவியாக (ஆளை அடையாளம் காணும் புலமாக) வைத்ததன் பலன். ஒரே எண் முன்னால் 91 சேர்ந்தும், பூஜ்யத்தோடும், நடுவில் இடைவெளியோடும் வருகிறது. எக்செல் வழியாக வந்து அடுக்குக்குறியாகச் (9.19E+11 போல) சுருங்கியவை தனி. அவற்றில் கடைசி இலக்கங்கள் போயே போயின, மீட்க வழியில்லை.

எண் அல்லாததை நீக்கிக் கடைசி 10 இலக்கத்தை எடுத்தால் பெரும்பாலும் சரி. 0452 தரைவழி எண்ணும் பூஜ்யம் போனால் 10 இலக்கம்தான், ஆனால் 4இல் தொடங்கும். கைப்பேசி 6 முதல் 9 வரை. ஆனாலும் ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரே எண் இருக்கும். சாவியாகக் கடையின் வாடிக்கையாளர் எண்ணையே தளத்திலும் ஒரு புலமாக வைத்து, அதன்மேல் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இருமுறை வர விடாத கட்டுப்பாடு) போட்டோம். தொலைபேசி இனித் தேடுவதற்கு மட்டும்.

ஜூன் 13, வெள்ளி

இரவு ஒப்பீட்டில் ஒரு விசித்திரம். நேற்று வேறுபாடு என்று திருத்திய அதே பதிவுகள் இன்றும் வேறுபாடு. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முகவரிகளைப் பார்த்தால் கோரிப்பாளையம், கோச்சடை, அழகர்கோவில் சாலை, சொக்கிகுளம். தெப்பக்குளமோ திருப்பாலையோ ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் 'கோ' அல்லது 'சொ'. தமிழில் ஓகாரக் குறியை யூனிகோடில் இருவிதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றே. பைட் கணக்கில் முதலாவது 'கோ' 6, இரண்டாவது 9. ஒகரமும் ஔகாரமும் இப்படித்தான். பழைய எழுத்துருக் கோப்பை மாற்றிய பதிவுகளில் பிரிந்த வடிவம் நிறைய. இரு பக்கப் பதிவின் பைட் நீளத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஸ்கிரிப்ட் தளத்தில் எழுதும்போது என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) சேர்க்கிறது, ஒப்பிடும்போது சேர்ப்பதில்லை. எழுதியது எப்போதும் பொருந்தாது. கடைப் பதிவுகளை ஒருமுறை என்எஃப்சிக்கு மாற்றினோம். ஒப்பிடுவதற்கான ஹாஷ் (பதிவின் சுருக்க அடையாளம்) கணக்கிடும் முன்னும் அதே மாற்றம். பெயரைப் பதியும் படிவத்திலும் வைத்துவிட்டால் நல்லது, இல்லையென்றால் மறுபடி நுழையும்.

(ஒரு உறுத்தல்: பெயரில் யாரோ எமோஜி போட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்து 3 பைட், மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 எழுத்து அமைப்பே தாங்கும். எமோஜி 4 பைட். அதற்கு யூடிஎஃப்8எம்பி4 வேண்டும். டேபிளும் இணைப்பும் இரண்டும் மாற வேண்டும்.)

ஜூன் 14, சனி

செவ்வாய்க்கிழமைத் திருத்தத்துக்குப் பிறகு புது நோய். சனி இரவுப் பரிசுப் புள்ளிகளில் சில தளத்துக்குப் போகவில்லை.

புள்ளி ஏற்றுவது ஒரே பெரிய டிரான்ஸாக்ஷன் (எல்லாம் சேர்ந்தே பதிவாகும் தொகுப்பு). 8:58க்குத் தொடங்கும், நேரமும் 8:58 என்றே பதியும், ஆனால் 9:02க்குத்தான் கமிட் ஆகும், அதாவது உறுதியாகி வெளியே தெரியும். 9:00 ஓட்டம் அவற்றைப் பார்க்காது. குறியீட்டை 9:00க்கு நகர்த்திவிடும். 9:05 ஓட்டம் 9:00க்குப் பிறகானதை மட்டும் கேட்கும். அந்தப் பதிவுகள் இரண்டுக்கும் நடுவே விழுந்தன. இத்தனை நாள் ஐந்தரை மணி நேரப் பிழைதான் இதை மூடிக்கொண்டிருந்தது!

இனிக் குறியீட்டிலிருந்து 15 நிமிடம் பின்னோக்கிக் கேட்கும். இருந்தால் புதுப்பிக்கும், இல்லையென்றால் சேர்க்கும் என்பதால் இருமுறை வந்தாலும் கெடுதலில்லை. குறியீடு எல்லாம் எழுதி முடிந்த பிறகே நகரும். முன்பு தொடக்கத்திலேயே நகர்ந்தது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி எஃப்லாக் பூட்டும் போட்டாயிற்று.

ஜூன் 16, திங்கள்

கடையில் நீக்கிய பதிவு தளத்தில் நிற்கிறது. வரியே இல்லாதபோது 'மாறிய நேரம்' எங்கிருந்து வரும்? நீக்குவதை நிறுத்தி 'செயலற்றவர்' என்று ஒரு புலம். தளம் அதைப் பார்த்துக் கணக்கை மறைக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

இரவு ஒப்பீடு: வேறுபாடு 2. இரண்டிலும் தொலைபேசி எண் 9 இலக்கம், கவுன்டரில் விடுபட்டது. அடுத்த முறை பில் போட வரும்போது கேட்டு வாங்கும்படி கேஷியர் திரையில் ஒரு சிவப்புக் குறி வைத்திருக்கிறது.