நடுவில் நின்ற முட்டை

நான் அவனை அதட்டவில்லை. "சரி, உக்காருல" என்றுதான் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தை.

ஒன்பதாம் வகுப்பு, பாய்மங்கள் பாடம். பார்வையிட வந்த அதிகாரி கடைசி பெஞ்சில். மேசை மேல் கண்ணாடி ஜாடி, அதற்குள் மேலேயும் வராமல் அடிக்கும் போகாமல் ஒரு முட்டை. "எடையும், தண்ணீர் மேலே தள்ளுகிற மிதப்பு விசையும் சமம். இதுதான் நடுநிலை மிதப்பு" என்றேன். உவரிப் பக்கத்துப் பையன் எழுந்தான்.

"சார், எங்க தாத்தா சங்கு குளிக்கப் போவாவ. மேல முங்கத்தான் கஷ்டமாம். ஆழம் போயிட்டா கடலே உள்ள இழுக்குமாம். இது மட்டும் எப்படி சார் நடுவுல நிக்குது?"

"ஆழத்துக்கும் மிதப்பு விசைக்கும் சம்பந்தமில்ல. சரி, உக்காருல."

புத்தகப்படி நான் சொன்னது சரி. கல்லுக்குச் சரி, முட்டைக்கும் சரி. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிற மனுஷனுக்குச் சரியில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நெஞ்சிலிருக்கும் 6 லிட்டர் காற்று 3 லிட்டராகச் சுருங்கும். உடம்பு ஒதுக்குகிற தண்ணீர் குறையும், அதோடு மிதப்பு விசையும் குறையும், எடை அப்படியே இருக்கும். தாத்தா சொன்னது அதுதான். கொஞ்சம் இறங்கினால் இன்னும் இறக்கும், கொஞ்சம் ஏறினால் இன்னும் ஏற்றும். அதனால்தான் மீன் தன் காற்றுப்பையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் தொட்டித் தண்ணீரை ஏற்றி இறக்குகிறது. ஹூஸ்டனில் நாசாவின் 12 மீட்டர் ஆழக் குளத்தில், விண்வெளி வீரரின் உடையில் எடையையும் மிதவையையும் மாற்றி மாற்றி வைத்துத்தான் நடுவில் நிறுத்துகிறார்கள். நாம் புட்டுக்கு வாங்குகிற சுறாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்குக் காற்றுப்பை கிடையாது. ஈரல் நிறைய எண்ணெய். எண்ணெய் காற்றைப் போலச் சுருங்காது.

என் முட்டை ஏன் நின்றது? பாதி ஜாடிக்குக் கெட்டியான உப்புத் தண்ணீர். அதில் முட்டையை விட்டு, கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடந்தது, அவ்வளவுதான். ஒரு கலக்குக் கலக்கியிருந்தால் மேலே வந்திருக்கும், இல்லை அடியில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஏமாற்று என்று சொன்னால் அதிகம். எல்லா வாத்தியாரும் செய்கிறதுதான். நாற்பது நிமிஷ வகுப்பில் உப்பை நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அந்த நேரத்தில் எனக்குத் தாத்தா சொன்னதன் காரணம் தோன்றவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முந்தின நாள் ராத்திரி வீட்டில் அரை பாக்கெட் உப்பைக் கரைத்து, ஒரே தண்ணீரில் முட்டையை நிறுத்தப் பார்த்துத் தோற்றவன் நான்தானே. நடுவில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வகுப்பில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மறுநாள் அடுத்த பாடம்.

இந்த வருஷமும் அதே ஜாடிதான். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துத்தான் ஊற்றினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.